மகள் அவரிடம், மகன் என்னிடம்: நீதிமன்றத்தில் எதை முதலில் கேட்பது?

வாசகியின் கேள்வி: எனக்கு 33 வயது. இந்து திருமணச் சட்டப்படி திருமணமாகிப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. எட்டு வயதில் ஒரு மகளும் மூன்றரை வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் கணவர் சண்டையிட்டுக்கொண்டு வேறு மாவட்டத்தில் உள்ள தம் பெற்றோர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் இரு குழந்தைகளுடனும் இதே ஊரில் இருந்தேன். கோடை விடுமுறையில் பத்து நாள் வைத்திருந்து அனுப்புவதாகச் சொல்லி மகளை அழைத்துச் சென்றவர், அங்கேயே பள்ளியில் சேர்த்துவிட்டார். இரண்டரை மாதமாக அவள் குரலைக்கூட நான் கேட்கவில்லை. இதற்கிடையே அங்குள்ள குடும்பநல நீதிமன்றத்திலிருந்து விவாகரத்து வழக்கின் சம்மன் வந்திருக்கிறது. "பரஸ்பர சம்மதத்துக்குக் கையெழுத்துப் போடு, மகளைக் காட்டுகிறேன்" என்கிறார். வருமானம் இல்லாதவளிடம் குழந்தைகளை நீதிமன்றம் கொடுக்காது என்றும் பயமுறுத்துகிறார். பள்ளிக்கே போய் மகளை அழைத்து வந்துவிடலாமா? "அப்பாவோடுதான் இருப்பேன்" என்று அவள் நீதிபதியிடம் சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்துவிடுமா? குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ சட்டத்தில் ஒரு புகார் கொடுத்தால் குழந்தை உடனே கைக்கு வந்துவிடும் என்கிறார் உறவினர் ஒருவர், கொடுக்கலாமா? அவர் மகளைக் காட்டாதவரை நானும் மகனைக் காட்டாமல் இருக்கலாம் அல்லவா?

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசியாக, போகிற போக்கில் நீங்கள் கேட்டிருக்கும் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாக் கேள்விகளுக்கும் கிடைக்கப்போகிற பதில் பெரும்பாலும் அதைப் பொறுத்தே அமையும். மகனைக் காட்டாமல் இருக்காதீர்கள். இன்றைய நிலையில், பத்து நாளுக்கென்று அழைத்துச் சென்ற குழந்தையைத் திருப்பி அனுப்பாதவர் உங்கள் கணவர். தாயிடமிருந்து மகளைப் பிரித்தவர் என்ற குற்றச்சாட்டுக்கு அவர்தான் நீதிமன்றத்தில் பதில் சொல்லியாக வேண்டும். நீங்களும் மகனைத் தடுத்து வைத்த அன்றே அந்த வேறுபாடு மறைந்து, ஆளுக்கொரு குழந்தையைப் பிடித்து வைத்துக்கொண்டு பேரம் பேசும் இருவராகத்தான் நீதிபதியின் கண்ணுக்கு நீங்கள் தெரிவீர்கள். குழந்தை யாரிடம் இருந்தால் மற்றவரின் அன்பும் அதற்குத் தடையின்றிக் கிடைக்கும் என்பதை இப்போது நீதிமன்றங்கள் பெரிதும் கவனிக்கின்றன. மிகச் சிறு வயதிலிருந்தே தந்தையிடம் வளர்ந்த ஒரு பெண் குழந்தையைத் தாயிடம் ஒப்படைக்கச் சொன்ன உயர் நீதிமன்ற உத்தரவை 2017-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தபோது, ஒரு பெற்றோரிடமிருந்து குழந்தையின் மனத்தை மற்றவர் அந்நியப்படுத்துவதால் விளையும் கேட்டைக் குறிப்பிட்டு விரிவாகப் பேசியது.

மகளை வைத்துக்கொண்டவர் மகனையும் அப்படியே வைத்துக்கொள்வாரோ என்ற உங்கள் அச்சம் நியாயமானது. அதற்காகச் சந்திப்பையே மறுக்க வேண்டியதில்லை; சந்திப்பின் இடத்தையும் முறையையும் நீங்கள் வரையறுத்துக்கொள்ளலாம். "வரும் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை என் பெற்றோர் வீட்டில் மகனைப் பார்க்கலாம். மகளை நீங்கள் திருப்பி அனுப்பாததால் இப்போதைக்கு வெளியே அழைத்துச் செல்ல மட்டும் அனுமதிக்க இயலாது. மகளோடு நான் பேச எந்த நேரம் அழைக்கலாம் என்று தெரிவியுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். அதில் வசையும் வேண்டாம், பழைய கதையும் வேண்டாம். அவர் வந்தாலும் வராவிட்டாலும் அந்தச் செய்தி உங்களுக்கு உதவும்.

அடுத்து, கையில் இருக்கும் சம்மன். "நான் ஏன் அவ்வளவு தூரம் போக வேண்டும்" என்று அதை ஒதுக்கி வைத்துவிடாதீர்கள். வாய்தா நாளில் நீங்களோ உங்கள் வக்கீலோ முன்னிலையாகாவிட்டால் ஒருதலைப்பட்சமாக வழக்கு முடிந்துவிடும் அபாயம் உண்டு. அந்த வழக்கை உங்கள் ஊருக்கு மாற்றக் கோரி உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி உயர் நீதிமன்றத்தில் மாற்றல் மனு போடலாம். கைக்குழந்தைபோன்ற வயதில் ஒரு மகனை வைத்திருக்கும், சொந்த வருமானம் இல்லாத மனைவியின் வசதிக்கு இத்தகைய மனுக்களில் பொதுவாக முக்கியத்துவம் தரப்படுகிறது. ஆனால் மாற்றல் மனு நிலுவையில் இருப்பதே அங்குள்ள வழக்கை நிறுத்திவிடாது. உயர் நீதிமன்றம் தடை கொடுக்கும்வரை அங்கே போய்த்தான் ஆக வேண்டும்.

குழந்தைகளின் பொறுப்பைக் கேட்க உங்களுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, அவர் போட்டிருக்கும் விவாகரத்து வழக்குக்குள்ளேயே இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி இடைக்கால மனு போடுவது. மற்றொன்று, 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்கள் மற்றும் காக்கப்படுவோர் சட்டத்தின்படி தனி மனு போடுவது; நீதிமன்ற வட்டாரத்தில் இதைச் சுருக்கமாக ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். இந்த இரண்டாவது மனுவை, குழந்தை வழக்கமாக எங்கே வசிக்கிறதோ அந்த ஊர் நீதிமன்றத்தில் போட வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 9-ஆம் பிரிவு. உங்கள் மகள் பிறந்து வளர்ந்து இந்தக் கோடை வரை படித்தது உங்கள் ஊரில். அவளை ஒருவர் தம் விருப்பத்துக்கு அழைத்துச் சென்று வைத்துக்கொண்டதாலேயே வழக்கமான வசிப்பிடம் மாறிவிடாது என்று நீங்கள் வாதிடலாம், அந்த வாதத்துக்கு வலுவும் உண்டு. ஆனால் அவள் அங்கே ஒரு கல்வியாண்டை முடித்துவிட்டால் இதே வாதம் தளர்ந்துபோகும். ஆகவே நாள் கடத்தாதீர்கள்.

என்னைக் கேட்டால், சம்மன் நாளிலேயே அவருடைய ஊர் நீதிமன்றத்தில் மகளைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் மட்டும் இடைக்கால உத்தரவு கேளுங்கள் என்பேன்; குழந்தையும் அவரும் அந்த ஊரிலேயே இருப்பதால் உத்தரவு கிடைத்த வாரமே அதை நிறைவேற்ற முடியும். நிரந்தரப் பொறுப்புக்கான ஜி.டபிள்யூ.ஓ.பி.யை உங்கள் ஊரில் தாக்கல் செய்து, அதிலேயே அச்சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி இடைக்காலப் பொறுப்பையும் கேளுங்கள். இரண்டு இடத்திலும் மனு போட்டால், ஒவ்வொன்றிலும் மற்றொன்றைப் பற்றி ஒளிக்காமல் எழுதிவிட வேண்டும். உங்கள் ஆவணங்களை நேரில் பார்க்கும் வக்கீல் இதை வேறு வரிசையில் செய்யச் சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். காகிதத்தைப் பார்த்தவருக்குத் தெரிவது கடிதத்தைப் படித்தவனுக்குத் தெரியாது.

காவல் நிலையத்தை நம்பி மாதங்களை வீணாக்க வேண்டாம். தந்தையும் இயற்கைக் காப்பாளர் என்பதால், சொந்த மகளைத் தம்முடன் வைத்திருப்பதைக் கடத்தல் குற்றமாகக் காவல் துறை பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் இருவரையும் அழைத்துப் பேசுவார்கள், மனு ஏற்பு ரசீது தருவார்கள். குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. குழந்தையை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தும்படி கேட்கும் ஆட்கொணர்வு மனுவை உயர் நீதிமன்றத்தில் போடலாம் என்று சிலர் சொல்லியிருக்கக்கூடும். குழந்தையை ஒருவர் வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று காட்ட முடிந்தால் பெற்றோருக்கு இடையிலும் அந்த மனு செல்லும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஆனால் விரிவான விசாரணை தேவைப்படும் இடத்தில் குடும்பநல நீதிமன்றத்துக்குப் போகும்படி சொல்வதே வழக்கம். மூன்றரை வயது மகனை அவர் தூக்கிப் போயிருந்தால் உங்களுக்கு ஆட்கொணர்வு மனுவையே முதலில் சொல்லியிருப்பேன். எட்டு வயது மகள், தந்தை வீட்டில், பள்ளிக்கும் போய்க்கொண்டிருக்கிறாள் என்னும்போது அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை.

பள்ளி வாசலில் போய் மகளை அழைத்து வருவதையும் அறவே தவிர்த்துவிடுங்கள். மற்ற குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க இரு குடும்பத்தாரும் அவளை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும் காட்சி அவள் மனத்தை விட்டு எளிதில் போகாது. வழக்கிலும் அது உங்களுக்கு எதிராகவே பேசும். அதற்குப் பதிலாகத் தலைமையாசிரியருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் எழுதி, தாய் என்ற முறையில் அவளது வருகையையும் மதிப்பெண்ணையும் உடல்நிலையையும் தெரிவிக்கும்படி கேளுங்கள். பதில் வந்தால் நல்லது. மறுத்தால் அந்த மறுப்பையும் மனுவுடன் இணைத்து, பள்ளி ஆவணங்களும் மருத்துவ ஆவணங்களும் இரு பெற்றோருக்கும் சமமாகக் கிடைக்க வேண்டும் என்று உத்தரவு கேளுங்கள்.

இனி, சட்டம் யார் பக்கம் என்ற கேள்வி. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இயற்கைக் காப்பாளராகத் தந்தையையும், அவருக்குப் பின் தாயையும் குறிப்பிடுகிறது. உங்கள் கணவர் தரப்பு இதை நிச்சயம் படித்துக் காட்டும். அதே பிரிவிலேயே, ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. உங்கள் மகனைப் பொறுத்தவரை இது உங்களுக்குப் பெரிய பாதுகாப்பு. "அவருக்குப் பின்" என்பதற்குத் தந்தை இறந்த பின் என்று மட்டும் பொருள் கொள்ளக் கூடாது என்று கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இலேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையின் நலனே தலையாயது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு சொல்கிறது. எனவே காப்பாளர் பட்டியலில் யார் பெயர் முதலில் வருகிறது என்பதை வைத்து இந்த வழக்கு முடிவாகாது. உடன்பிறந்த குழந்தைகளைத் தக்க காரணமின்றிப் பிரிக்கக் கூடாது என்பதையும் நீதிமன்றங்கள் கருத்தில் கொள்கின்றன. அக்காளும் தம்பியும் இரண்டரை மாதமாக ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை என்பதை மனுவில் தனிப் பத்தியாகவே எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: சிறப்புத் திருமணச் சட்டத்திலும் கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டின் விவாகரத்துச் சட்டத்திலும் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவுக்கு இணையான பிரிவுகள் உள்ளன. 1890-ஆம் ஆண்டின் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொது. முஸ்லிம் பெற்றோரும் அதன்படியே மனு செய்கிறார்கள்.

குழந்தையின் நலன் என்பதை நீதிமன்றம் எதைக் கொண்டு அளக்கிறது? இங்கேதான் பெரும்பாலான மனுக்கள் தடம் புரள்கின்றன. என்னிடம் வரும் மனுக்களின் முதல் வரைவுகளில் பன்னிரண்டு பக்கம் இருந்தால் பத்துப் பக்கம் கணவரையும் மாமியாரையும் பற்றியே இருக்கும். குழந்தை கடைசிப் பக்கத்தில் வரும், அதுவும் "பாசத்துக்கு ஏங்குகிறது" என்ற ஒரே வரியோடு. உங்கள் மனு இதற்கு நேர்மாறாக இருக்க வேண்டும். காலையில் மகளை எழுப்பியது யார், அவளுக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, கணக்குப் பாடத்தில் எங்கே திணறுகிறாள், எந்த மருத்துவரிடம் எந்த ஆண்டிலிருந்து போகிறாள், பெற்றோர் கூட்டங்களுக்குப் போனது யார், வீட்டுப்பாட டைரியில் கையெழுத்திட்டது யார் என்பனவற்றைத் தேதியோடும் ஆதாரத்தோடும் எழுதுங்கள். தடுப்பூசி அட்டை, மருந்துச் சீட்டுகள், பள்ளி டைரியின் நகல்கள், கட்டண ரசீதுகள், ஆசிரியரோடு நடந்த குறுஞ்செய்திகள் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொரு நாளும் கையெழுத்திட்ட ஒரு பள்ளி டைரி, உறவினர் ஐந்து பேரின் வாக்குமூலத்தை விடக் கனமான சாட்சி. குறுஞ்செய்திகளைப் பொறுத்தவரை, அச்செடுத்த தாளோடு 2023-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் மின்னணுப் பதிவுகளுக்கு 63-ஆம் பிரிவில் கோரும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். குடும்பநல நீதிமன்றம் சாட்சிய விதிகளை ஓரளவு தளர்த்திக்கொள்ளலாம் என்று 1984-ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் அனுமதித்தாலும், முறையாகக் கொடுத்த ஆவணத்தை யாரும் எளிதில் ஆட்சேபிக்க முடியாது.

வருமானம் பற்றிய பயமுறுத்தலுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வருமானம் பரிசீலிக்கப்படும் பல விஷயங்களில் ஒன்று. அது மட்டுமே தீர்மானிப்பதில்லை. பணம் உள்ளவர் குழந்தையின் செலவுக்குக் கொடுக்க வேண்டும் என்பதுதான் சட்டம் காட்டும் வழி. வழக்கு நடக்கும்போதே உங்களுக்காக இந்து திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படியும், குழந்தைகளின் பராமரிப்புக்கும் படிப்புக்குமாக 26-ஆம் பிரிவின்படியும் இடைக்கால ஜீவனாம்சம் கேட்கலாம். இத்தகைய மனுக்களை, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு போய்ச் சேர்ந்த நாளிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஜீவனாம்சம் கேட்க, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவும் உங்களுக்கு உண்டு. இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறை இருப்பதால், அவர் சம்பளத்தை மறைப்பதும் முன்போல் எளிதல்ல.

மகள் என்ன சொல்வாள் என்ற கவலைக்கு வருகிறேன். முடிவெடுக்கும் அளவுக்கு விவரம் தெரிந்த குழந்தையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. இதற்கு வயது வரம்பு எதுவும் குறிக்கப்படவில்லை. எட்டு வயதுக் குழந்தையிடம் நீதிபதிகள் பெரும்பாலும் பேசுகிறார்கள். நீதிமன்றக் கூண்டில் நிறுத்தாமல் தனியறைக்கு அழைத்து, பெற்றோரும் வக்கீல்களும் இல்லாமல் பேசுவார்கள். அவள் சொல்வது கேட்கப்படும், எடைபோடப்படும்; ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது. அனுபவமுள்ள நீதிபதி, "யாரோடு இருக்க விரும்புகிறாய்" என்று எடுத்த எடுப்பில் கேட்பதில்லை. பள்ளி, தோழி, தம்பி, இரவில் யார் பக்கத்தில் தூங்குவாள் என்று பேச்சு போகும். அதற்கு நடுவே ஒரு குழந்தை, "அம்மாவிடம் இருந்தால் என் எதிர்காலம் பாதிக்கப்படும்" என்று சொன்னால், அந்த வாக்கியம் எந்தப் பெரியவர் வாயிலிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கு நேரம் ஆகாது. சொல்லிக் கொடுத்திருப்பதாகத் தோன்றினால், குடும்பநல நீதிமன்றச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி உளவியலாளர் அல்லது குழந்தை நல வல்லுநரின் உதவியை அவர் நாடலாம். நீங்களும் அதைக் கோரி மனு போடலாம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, இரண்டரை மாதத்துக்குப் பின் முதல் சந்திப்பில் மகள் உங்களைக் கண்டு ஓடி வராமல் போகலாம் என்பதுதான். பாட்டியின் பின்னால் ஒளிந்துகொள்ளலாம், "நீ ஏன் என்னைக் கூப்பிட வரவில்லை" என்று கோபிக்கலாம். அந்த நேரத்தில், "உன் அப்பாதான் என்னை விடவில்லை" என்று அவளிடம் விளக்கத் தோன்றும். விளக்காதீர்கள். "உன்னைப் பார்க்காமல் அம்மாவுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது" என்பதோடு நிறுத்திவிட்டு, தம்பி வரைந்த ஒரு படத்தைக் கையில் கொடுங்கள். வழக்கைப் பற்றி அவளிடம் ஒரு சொல் பேச வேண்டாம். அன்று இரவு அந்தச் சொல் அவர் வீட்டில் திரும்பச் சொல்லப்படும், அடுத்த வாய்தாவில் பதிலுரையில் அச்சாகி வரும்.

போக்சோ புகார் பற்றி உறவினர் சொன்ன யோசனையை இத்துடன் மறந்துவிடுங்கள். உண்மையில் அப்படி ஏதேனும் நடந்திருக்கும் என்ற ஐயம் சிறிதளவு இருந்தாலும் உடனே புகார் கொடுக்க வேண்டியது உங்கள் கடமை. அதில் தயங்கவே கூடாது. ஆனால் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதுவது, உங்கள் எட்டு வயது மகளை மருத்துவப் பரிசோதனைக்கும் வாக்குமூலத்துக்கும் உட்படுத்தும். அவமானப்படுத்தும் நோக்கத்தோடு பொய்ப் புகார் கொடுப்பவருக்கு ஆறு மாதம்வரை சிறைத் தண்டனை விதிக்க அச்சட்டத்தின் 22-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தண்டனை வராவிட்டாலும், ஒருமுறை பொய் சொன்ன தாயின் மற்ற உண்மைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். உங்கள் மீதே குடும்ப வன்முறை நடந்திருந்தால் அது வேறு. 2005-ஆம் ஆண்டின் பாதுகாப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி நீதித்துறை நடுவரே குழந்தையின் தற்காலிகப் பொறுப்பை உங்களுக்கு வழங்கலாம். கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

பரஸ்பர சம்மதத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறாரே, அதைப் பார்ப்போம். மனு போடும் நாளில் இருவரும் குறைந்தது ஓராண்டாகப் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பது இந்து திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவின் நிபந்தனை. ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும் கணவன் மனைவியாக வாழாத காலம் கணக்கில் வரும் என்றாலும், உங்கள் கணவர் வீட்டை விட்டுப் போயே சில மாதங்கள்தான் ஆகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இன்று நீங்கள் கையெழுத்திடும் மனு, ஓராண்டாகப் பிரிந்திருக்கிறோம் என்ற பொய்யோடு தொடங்கும். அது ஒருபுறம் இருக்க, மகளைக் காட்டுவதற்கு விலையாகக் கேட்கப்படும் கையெழுத்தை எந்த நிலையிலும் போடாதீர்கள். பின்னொரு நாள் நீங்களே மனமொப்பி விவாகரத்துக்குச் சம்மதித்தால், குழந்தைகள் பற்றிய ஏற்பாடு முழுவதும் அந்த மனுவிலேயே எழுதப்பட வேண்டும். "வாய்வார்த்தையாகப் பேசிக்கொண்டோம்" என்பது தீர்ப்புக்குப் பின் செல்லாது. தீர்ப்பு வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமையும் உங்களுக்கு உண்டு. குழந்தைகளுக்கான ஜீவனாம்சம் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது குழந்தைகளின் உரிமை, உங்களுடையது அல்ல.

இப்போது, உங்கள் மனுவின் உயிர்நாடியான இடைக்காலச் சந்திப்பு உத்தரவு. "மனுதாரர் தம் மகளை வசதிப்படி சந்தித்துக்கொள்ளலாம்" என்று ஒரு வரியில் வாங்கும் உத்தரவால் பயனில்லை. யாருடைய வசதிப்படி என்ற சண்டை அன்று மாலையே தொடங்கிவிடும். மீறினார் என்று காட்டுவதற்கும் அதில் பிடிமானம் இருக்காது. கோரிக்கைப் பத்தியை ஏறக்குறைய இப்படி எழுதச் சொல்லுங்கள்: ஒவ்வொரு மாதமும் முதல், மூன்றாம் சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு எதிர்மனுதாரரோ அவருடைய தந்தையோ குழந்தையை நீதிமன்ற வளாகத்தில் உள்ள குழந்தைகள் மையத்தில் மனுதாரரிடம் ஒப்படைக்க வேண்டும், மனுதாரர் மாலை ஐந்து மணிக்கு அதே இடத்தில் திரும்ப ஒப்படைக்க வேண்டும், குழந்தைக்கு உடல்நலம் இல்லாவிட்டால் முந்தைய நாளே மருத்துவச் சீட்டுடன் தெரிவித்து, அடுத்த சனிக்கிழமை ஈடு செய்ய வேண்டும், நாள்தோறும் இரவு ஏழரை மணிக்குப் பத்து நிமிடம் காணொளி அழைப்பில் பேச அனுமதிக்க வேண்டும், அப்போது பக்கத்தில் நின்று யாரும் சொல்லிக் கொடுக்கக் கூடாது, காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் பாதி நாட்கள் குழந்தை தாயிடமும் தம்பியிடமும் இருக்க வேண்டும், நீதிமன்ற அனுமதியின்றிப் பள்ளியை மாற்றவோ குழந்தையை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோய் வைக்கவோ கூடாது. இதோடு சேர்த்து, மகனை அவர் சந்திப்பதற்கும் இதே அளவில் நாளும் நேரமும் நீங்களே குறிப்பிட்டுக் கொடுங்கள். தாம் கேட்கும் உரிமையை மற்றவருக்குக் கொடுக்கவும் தயாராக இருப்பவரின் மனுவை நீதிபதி வேறு கண்ணோடு படிப்பார்.

காணொளி அழைப்பைச் சலுகையாக நினைத்துத் தயங்கிக் கேட்க வேண்டாம். குழந்தையைத் தம்மிடம் வைத்திராத பெற்றோருக்கு நேரில் சந்திக்கும் உரிமையோடு தொடர்புகொள்ளும் உரிமையும் தேவை என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் எடுத்துச் சொல்லியிருக்கிறது. தினமும் ஐந்து, பத்து நிமிடமாவது பேச வேண்டும் என்ற அளவும் அதில் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

முதல் சில சந்திப்புகளை நீதிமன்ற வளாகத்திலேயே வைப்பார்கள், அதை ஏற்றுக்கொள்ளுங்கள். சில இடங்களில் பொம்மைகளோடு தனியறை இருக்கும். சில இடங்களில் தாழ்வாரத்தில் போட்ட இரண்டு நாற்காலிகள்தான், பக்கத்தில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருப்பார்கள். குழந்தை சலித்துப்போகாமல் இருக்க வீட்டிலிருந்து அவளுடைய பழைய கதைப் புத்தகமோ விளையாட்டுப் பொருளோ எடுத்துச் செல்லுங்கள். மூன்று நான்கு சந்திப்புகள் குறையின்றி நடந்தபின், இடத்தை வீட்டுக்கு மாற்றவும், பின்னர் ஓர் இரவு தங்கவும் அனுமதி கேட்டு மனு போடலாம். ஒரே மனுவில் எல்லாவற்றையும் கேட்டு எல்லாவற்றுக்கும் ஆட்சேபம் வாங்குவதை விட, இப்படிப் படிப்படியாக விரித்துக்கொண்டு போவது பலமுறை விரைவாகப் பலன் தந்திருக்கிறது.

உத்தரவு வந்தபின்னும் அவர் அழைத்து வராவிட்டால்? நீங்கள் குறித்த நேரத்துக்குப் போய்க் காத்திருந்து, வந்து போனதை அங்குள்ள ஊழியரிடம் பதிவு செய்துவிட்டு வாருங்கள். அன்றே அவருக்கு ஒரு செய்தி அனுப்பி, பதிலையோ பதில் வராததையோ ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதுங்கள். இரண்டு மூன்று முறை மீறினாலே அந்த நோட்டின் நகலோடு நிறைவேற்று மனு போடலாம், வேண்டுமென்றே மீறுவதாகத் தெரிந்தால் நீதிமன்ற அவமதிப்புக்கும் இடம் உண்டு. எல்லாவற்றையும் விட, பொறுப்பையே உங்களுக்கு மாற்றித் தர அது வலுவான காரணமாகும். குழந்தைகளைப் பற்றிய உத்தரவு எதுவும் இறுதியானது அல்ல. சூழ்நிலை மாறும்போது எந்தத் தரப்பும் மாற்றம் கேட்கலாம். இதை நீங்களும் நினைவில் வையுங்கள். இன்று கிடைக்கும் உத்தரவு உங்கள் எதிர்பார்ப்பில் பாதிதான் என்றாலும், அதைப் பெற்று ஒழுங்காக நடத்திக் காட்டியபின் மேலும் கேட்கலாம்.

குடும்பநல நீதிமன்றத்தில் முதலில் உங்களை ஆலோசகரிடமோ சமரச மையத்துக்கோ அனுப்புவார்கள். "சேர்ந்து வாழச் சொல்வார்கள், எதற்குப் போக வேண்டும்" என்று தவிர்த்துவிடாதீர்கள். சேர்வதா பிரிவதா என்ற பேச்சு முறிந்துபோனாலும், சந்திப்பு நாட்களை மட்டும் அங்கே பேசி எழுதிக்கொண்டு நீதிமன்றத்தில் உத்தரவாக்கிக்கொள்ள முடியும். விசாரணை முடிந்து உத்தரவு வாங்குவதை விட அது விரைவான வழி.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று ஓரிடத்தில் எழுதாமல் எழுதியிருக்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள் அனைவருக்கும், வருமான வரம்பு பாராமல், இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம். போகும்போது சம்மனும் அதனுடன் வந்த மனு நகலும், திருமணப் பதிவுச் சான்று, இரு குழந்தைகளின் பிறப்புச் சான்றுகள், மகள் இந்த ஆண்டு வரை படித்த பள்ளியின் சான்று, அவளை அழைத்துச் செல்லும்போது "பத்து நாளில் அனுப்புகிறேன்" என்று அவர் அனுப்பிய செய்தி இருந்தால் அது, இவற்றை எடுத்துச் செல்லுங்கள். அந்தச் செய்தி கைபேசியில் இருந்தால் இன்றே நகல் எடுத்து வேறிடத்தில் சேமித்துவிடுங்கள், கைபேசியையும் மாற்றாதீர்கள். சம்மனில் குறித்துள்ள வாய்தாவுக்கு ஒரு வாரமாவது முன்பாக வக்கீல் நியமனம் முடிந்திருக்க வேண்டும். அப்போதுதான் அன்றே சந்திப்பு மனுவையும் சேர்த்துத் தாக்கல் செய்ய அவருக்கு நேரம் கிடைக்கும்.